எருக்கம்பாடியைச் சுற்றி வந்த பட்டாளம்

யுத்தம் ஓய்ந்து, வென்றவர் யார் தோற்றவர் யார் என்ற கதையெல்லாம் சந்தைப் பேச்சாகிப் புளித்தும் போன ஒரு கார்த்திகை மாதத்தில், வட ஆற்காட்டு எருக்கம்பாடிக்கு வடக்கே, கல்லும் காரைமுள்ளும் தவிர வேறொன்றும் விளைந்தறியாத பொட்டலில், யுத்தகாலம் முழுவதும் ஊன்றி நின்ற பட்டாள முகாமைக் கலைத்தார்கள். கூடாரங்களை மடித்தார்கள், முளைகளைப் பிடுங்கினார்கள், கோவேறு கழுதைகளை ஏலம் விட்டார்கள், சமையற்கட்டின் அடுப்புக் கற்களைக்கூட ஒரு காண்ட்ராக்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கடைசியில், எஞ்சியிருந்த சிப்பாய்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரு மேஜையின் முன் வந்து, குனிந்து, பூட்ஸுகளைக் கழற்றி ஒப்படைத்துவிட்டு, வெறுங்காலோடு வெளியேறினார்கள். பூட்ஸைத் திருப்பிக் கொடுத்த கணத்தில் ஒருவன் சிப்பாயாக இருப்பது முடிந்து, யாரோ ஒருவரின் மகனாகவோ தம்பியாகவோ மறுபடியும் ஆகிவிடுகிறான் என்பது அந்த முகாமின் வழக்கம். குண்டு மழையில் அசையாமல் நின்றவர்கள் என்று பெயரெடுத்த ஆண்கள், காரைமுள் குத்திய பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்தித் தத்திச் சிரித்தபடி ரயிலடிக்குப் போன காட்சியை எருக்கம்பாடியார் ஏரிக்கரையில் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

முகாம் காலியாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை, வெயில் தாழ்ந்து மாடுகள் வீடு திரும்பும் வேளையில், ஒரு கூரையோ ஒரு கயிறோ மிச்சமில்லாத அந்தப் பொட்டலிலிருந்து பூட்ஸுகள் நடக்கும் சத்தம் புறப்பட்டது. அது வண்டிப்பாதை வழியே இறங்கி, ஏரிக்கரையில் ஏறி, மாரியம்மன் கோயிலை இடப்புறமாகச் சுற்றி, ஊரின் நடுத்தெரு நீளத்துக்கும் நடந்து, மறுபடி பொட்டலுக்கே போய் அடங்கியது. ஆள் இல்லை, தொப்பி இல்லை, துப்பாக்கி இல்லை. முழங்கால் உயரத்துக்குப் புழுதி மட்டும் வரிசை வரிசையாக எழுந்து, வரிசை வரிசையாக அமர்ந்தது. தெருவில் படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓரமாகப் போய்ப் படுத்தன. எதிரே பாரவண்டியில் வந்த ஒருவர், பட்டாளத்துக்கு வழி விடுவது யுத்தகாலத்தில் பழகிய காரியம் ஆகையால், மாடுகளை ஓரங்கட்டி, சத்தம் முழுவதும் கடந்து போகும் வரை பொறுத்திருந்து, பிறகு தம் வழியே போனார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "பட்டாளம் போச்சு, அதான் லேட்டு" என்று சொன்னாரே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. மழை பெய்தால் சேற்றில் சளக் சளக்கென்றும், வெயில் காய்ந்தால் கட்டாந்தரையில் திம் திம்மென்றும் வந்தது. உலை வைக்கும் நேரத்தைப் பெண்கள் அதை வைத்தே அறிந்தார்கள். இந்தச் சத்தத்துக்கு வரி உண்டா, வழிச்சுங்கம் உண்டா என்று ஊர் மணியக்காரர் சில நாள் யோசித்துப் பார்த்து, யாரிடம் வசூலிப்பது என்பது விளங்காமல் விட்டுவிட்டார். மார்கழியில் கேழ்வரகு அறுவடை முடிந்தபோது, எவரோ ஒருவர் கதிர்களைத் தெருவில் பரப்பி வைக்க, அத்தனை பூட்ஸுகளும் அதன்மேல் ஏறி இறங்கிப் போனபின் பார்த்தால், எருது பூட்டி நாள் முழுக்கப் போரடித்தாலும் உதிராத அளவுக்கு மணி உதிர்ந்து கிடந்தது. அன்றுமுதல் நடுத்தெருவில் கதிர் பரப்ப இடம் பிடிப்பதற்கே சண்டை நடந்தது. பட்டாளம் ஒரு மணியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போவதைக் கண்டு, முகாம் இருந்த காலத்தில் ஆடு கோழி பறிகொடுத்தவர்கள், "இப்பத்தான் ஒழுக்கமா கீறானுங்க" என்று மெச்சிக்கொண்டார்கள்.

கேட்கக் கேட்கக் காது கூர்மையாயிற்று. நடுவரிசையில் ஒருவன் காலை இழுத்து நடக்கிறான் என்று கண்டார்கள். கடைசி வரிசையில் ஒருவன் எப்போதும் அரை அடி பிந்துகிறான் என்று கண்டார்கள். யானைபோல் ஊன்றி நடக்கும் ஒருவனுக்குப் பட்டம்மாள் என்பவள் தன் மாமனாரின் பெயரையே வைத்து, அவன் கடக்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு மரியாதை செய்து, தெருவையே சிரிக்க வைத்தாள்.

பட்டம்மாளின் அடுத்த வீட்டுக் கன்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கணவன் ஏகாம்பரம் இதே முகாமில் சேர்ந்து, இதே பொட்டலில் நடை பழகி, பர்மாவுக்குப் போனவன். போன இடத்தில் காணாமற்போனான் என்று சர்க்கார் சொல்லியனுப்பியது. செத்தான் என்று சொல்லவில்லை. பங்காளிகள் கூடி, கருமாதி செய்து தாலியை வாங்கிவிடுவதுதான் முறை என்றபோது, காணாமற்போன ஆட்டுக்கு யாராவது தோலுரிக்கிறார்களா என்று கேட்டு அவர்களைத் திருப்பியனுப்பியிருந்தாள். ஆனால் அவளுக்கே அந்தக் கேள்வியின் பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது.

ஏகாம்பரம் ஒரேயொரு முறை விடுப்பில் வந்திருந்தான். அப்போது அவனது வலது பூட்ஸின் குதிகாலில் இருந்த இரும்பு கழன்று விழுந்திருந்தது. அதைச் சரிசெய்யச் செருப்புத் தைப்பவரிடம் போகாமல், மாடுகளுக்கு லாடம் அடிக்கும் இமாம் சாயபுவிடம் போனான். எருக்கம்பாடியில் இரும்பும் ஆணியும் வேண்டுமென்றால் அங்கேதான் போவார்கள். சாயபு கையிலிருந்த எருதின் லாடத்தில் ஒரு பாதியை எடுத்து, இவன் காலையும் எருதின் காலைப்போலவே மடக்கிப் பிடித்துக்கொண்டு, பூட்ஸில் வைத்து அறைந்துவிட்டார். அதன்பின் ஏகாம்பரம் நடந்தால், மற்ற பூட்ஸுகள் எல்லாம் திம் என்று விழ, அவனுடைய வலது கால் மட்டும் ணங் என்று விழும்.

முதல் வெள்ளிக்கிழமையே கன்னியம்மாள் அந்த ணங் என்ற ஒலியைக் கேட்டுவிட்டாள். முன்வரிசையின் வலது ஓரத்தில் அது வந்தது. களை பறித்துக் கொண்டுவந்த கூடையை இடுப்பிலிருந்து இறக்காமலே, ஓசை தெருமுனை திரும்பும்வரை நின்று கேட்டாள். மறுநாள் அந்த வேளைக்கு முன்பே தலை வாரி, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அதற்குப்பின் ஒரு நாளும் தவறவில்லை. பங்காளிகள் மறுபடியும் வந்தபோது, அவர்களை வெயில் தாழும்வரை உட்கார வைத்து, ணங் ணங் என்று அது கடந்து போனபின், "கேட்டீங்களா? தாலி கழட்டச் சொன்னீங்களே, யாருக்குக் கழட்டறது?" என்றாள். அவர்கள் மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனியில்தான் ஊர், நடையில் ஏதோ மாறியிருப்பதைக் கவனித்தது. அடிகள் முன்போல் விழவில்லை. இழுத்து நடந்தவன் இன்னும் இழுத்தான். பட்டம்மாளின் மாமனார் பெயர் பெற்றவன் யானையாக இருந்து கழுதையாக இளைத்துவிட்டான். அடிக்கும் வெயிலில் தெருப் புழுதியில் வெறுங்கால் வைக்க முடியாது. அதில் நாள்தோறும் வந்துபோகும் அந்தக் காலடிகளைக் கேட்க ஊருக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த முகாமில் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்து வந்தவர்களில் எருக்கம்பாடிக்காரர் ஒருவர் உண்டு, அவில்தார் சாமிக்கண்ணு. ஊர் அவரிடம் போயிற்று.

"ஏன் அவில்தாரே, இவங்கள யாரும் அனுப்பலியா?" என்று மணியக்காரர் கேட்டார்.

"எப்படி அனுப்புவாங்க? நாங்கல்லாம் மேஜ முன்னாடி போயி நின்னோம், கழட்டிக் குடுத்தோம், போன்னாங்க, வந்தோம். வராதவன எப்படிப் போன்னு சொல்றது? இங்க நடை பழகிட்டுப் போயி அங்கியே தங்கிட்டவங்க இவங்க. இன்னும் டூட்டியிலதான் கீறாங்க."

"நீ சொல்லேன், போன்னு."

சாமிக்கண்ணு பதக்கங்களைத் துலக்கி அணிந்துகொண்டு, மறுநாள் நடுத்தெருவில் விறைத்து நின்று, இங்கிலீஷில் ஆணையிட்டார். சத்தம் அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதற்கடுத்த நாள் இந்துஸ்தானியில் ஆணையிட்டார். அதற்கடுத்த நாள், வேறு வழியில்லாமல், "யப்பா, போதும், ஊட்டுக்குப் போங்கப்பா" என்று தமிழில் கேட்டுக்கொண்டார். அன்று மட்டும் நடை ஒரு கணம் தடுமாறியதுபோல் இருந்தது, பிறகு போய்விட்டது. அவர் தெருவிலேயே உட்கார்ந்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இது எங்கையில இல்ல. மொத வரிசை, வலது கோடி. அவனத்தான் ரைட் மார்க்கர்னு சொல்லுவோம். மத்தவன் எல்லாம் அவன் காலைக் கேட்டுத்தான் கால் வைப்பான். அவன் வரிசைய விட்டு எறங்கினாத்தான் மத்தவன் எறங்கலாம்."

வலது கோடியில் நடப்பது யார் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஒருவரும் கன்னியம்மாளின் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அத்தனை பேரும் பாடுபட்டதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பட்டம்மாள்தான் பின்னாலேயே போனாள். அந்த ஊரில், வெளியூர் போய் நெடுநாள் கழித்து வரும் ஆண், வாசலில் நின்று, வீட்டுப் பெண் சொம்புத் தண்ணீரை அவன் காலில் ஊற்றிய பிறகே படி ஏறுவான். ஊற்றும்வரை அவன் வந்தவன் அல்ல, இன்னும் வழியில் இருப்பவன். அவனிடம் யாரும் பேசுவதுகூட இல்லை.

"ஏமே, ஒரு சொம்புத் தண்ணிதானே," என்றாள் பட்டம்மாள். "ஊத்திட்டீன்னா பூட்ஸக் கழட்டித்தானே ஆவணும்? கழட்டிட்டா முடிஞ்சி போச்சி. பாவம், வந்து சேரட்டும்."

"வந்து சேந்துட்டா?" என்றாள் கன்னியம்மாள். "சேந்துட்டா அப்புறம் நாளைக்கு எனக்கு எது வரும்? உள்ள வருவாரா, சோறு துன்னுவாரா, எங்கூடப் பேசுவாரா? சத்தந்தான் கீது. அதையும் அடக்கிட்டு நான் எதக் கேட்டுக்கினு கெடக்கறது?"

"நல்லா கீது நாயம். உம் புருசன் சத்தம் ஒனக்கு வேணும்னு, எந்த ஊர்ப் பொம்பளைங்க பெத்த புள்ளைங்கல்லாம் வெயில்ல சுத்திக்கினு கெடக்கணுமா?"

"எம் புருசன் காலு. ஓயணும்னா அவரே ஓயட்டும். நான் ஓய வைக்க மாட்டன்."

ஊர் அவளை வற்புறுத்தவில்லை. பட்டம்மாள் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டு, அவள் வீட்டுக்கு நெருப்பு கேட்டு வருவதையும் நிறுத்திக்கொண்டாள்.

கத்தரி வெயில் பிறந்தது. ஏரி வறண்டு, அடிமண் பாளம் பாளமாக வெடித்தது. ஒரு நாள் பட்டாளம் கன்னியம்மாளின் வாசலைக் கடந்துகொண்டிருக்கும்போது, கடைசி வரிசையில் எப்போதும் அரை அடி பிந்துகிறவன், அவள் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே விழுந்தான். உடல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் மண்ணில் ஓர் ஆள் நீளத்துக்குப் புழுதி எழும்பியதும், முழங்கை ஊன்றிய இடத்தில் குழி விழுந்ததும், எழ முயன்று மறுபடி சரிந்ததும் அவள் கண் முன்னே நடந்தன. மற்ற வரிசைகள் போய்க்கொண்டே இருந்தன. முன்னால் ணங் என்ற ஒலி போகிறதே, அது நிற்காதபோது அவர்கள் எப்படி நிற்பார்கள். விழுந்தவன் தவழ்ந்தான். தெருமுனைவரை முழங்கால் தேய்ந்த இரண்டு கோடுகள் மண்ணில் நீண்டன. கன்னியம்மாள் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையிலேயே வாசலைச் சாணம் தெளித்து மெழுகினாள். கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்து, தூர் தெரியும் கிணற்றில் இறங்கி ஊற்றுநீர் மொண்டு வந்தாள். அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் வெயில் தாழ்வதற்குள் ஊர் முழுவதும் அந்தத் தெருவுக்கு ஏதோ ஒரு வேலையாக வந்து நின்றுகொண்டிருந்தது. மணியக்காரர் பட்டம்மாளின் வீட்டுக் கூரையை அளப்பதுபோல் பார்த்தார். இமாம் சாயபு மாடே இல்லாத இடத்தில் லாடப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

பட்டாளம் வந்தது. முன்வரிசை நெருங்கியதும் கன்னியம்மாள் தெருவில் இறங்கி, வலது கோடிக்கு எதிரே நின்றாள். கணவன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. ஆகவே அடுப்படியிலிருந்து கூப்பிடுவதுபோல், "இன்னாங்க, நில்லுங்க" என்றாள்.

ணங் என்று ஓர் அடி விழுந்தது. இன்னோர் அடி விழவில்லை. பின்னால் வரிசை வரிசையாக, ஏரிக்கரைவரை, அத்தனை கால்களும் நின்றன. எத்தனையோ மாதங்களாக அந்த வேளையில் கேட்டிராத அமைதியில், கயிறு அவிழும் ஓசையும், வெகுநாள் காலோடு ஒட்டிப்போன தோல் விலகும் ஓசையும், பாரமான இரண்டு பொருள்கள் பக்கத்தில் வைக்கப்படும் ஓசையும் எல்லோருக்கும் கேட்டன. கன்னியம்மாள் சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் தரையைத் தொடுவதற்கு முன்பே எதன்மேலோ பட்டுப் பிரிந்து வழிந்தது. பிறகு அந்தப் பாதங்கள் ஓர் அடி எடுத்து வைத்து, மெழுகிய வாசலில் ஈரமாகப் பதிந்தன.

ஏகாம்பரத்தின் பாதம் நீண்டது. பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். கேலிக்குக்கூட அதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். வாசலில் பதிந்திருந்தவை குட்டைப் பாதங்கள். விரல்கள் விசிறிபோல் அகன்றிருந்தன. இடது பெருவிரல் நடுவில் பிளந்து ஆறியிருந்தது. மலையேறிப் பழகியவனின் கால்கள். எந்த மலை என்று யார் கண்டார்கள்.

இமாம் சாயபு எட்டிப் பார்த்தார். "அல்லா," என்றார் மெல்ல. "லாடம் நான் அடிச்சதுதாம்மா. காலு நம்மூட்டுக் காலு இல்லியே."

சாமிக்கண்ணுவுக்கு விளங்கியது. பர்மாக் காட்டில் கெட்டியான பூட்ஸ் எதுவும் மண்ணுக்குப் போனதில்லை. ஒருவன் காலிலிருந்து இன்னொருவன் காலுக்குத்தான் போகும். கன்னியம்மாளின் முகத்தைப் பார்த்தபோது, அதை அவளுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று தெரிந்துகொண்டார்.

ஈரப் பாதங்கள், வீடு மாறி வந்துவிட்டவன் தயங்குவதுபோல், அரை அடி பின்வாங்கின.

"இருங்க," என்றாள் கன்னியம்மாள். "அந்த பூட்ஸப் போட்டுக்கினு இருந்தவரு. அவரு கால்ல இருந்து நீங்க எடுக்கும்போது, அவரு உசுரு போயிருந்துச்சா?"

பின்பு, அகன்று நின்ற அந்த ஈரப் பாதங்கள் மெல்ல நகர்ந்து, குதிகாலோடு குதிகால் சேர்ந்து, விறைத்து நின்றன.

"செத்தவங்களுக்கு முன்னாடி நாங்க அப்படித்தாம்மா நிப்போம்," என்றார் சாமிக்கண்ணு.

கன்னியம்மாள் தலையை ஆட்டினாள். சொம்பில் பாதித் தண்ணீர் மீதமிருந்தது. அதை இப்போதே கொட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாலும் ஊர் அவளைக் குறை சொல்லியிருக்காது. அவள் குனிந்து, இந்த முறை கையாலேயே, அந்தக் குட்டைப் பாதங்களின் மேல் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றி, பிளந்த பெருவிரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்து விட்டாள்.

"யாரு பெத்த புள்ளையோ," என்றாள். "ரொம்ப தூரம் நடந்துட்டீங்க. உள்ள வாங்க."

ஈரத்தடங்கள் படியேறின. அதைப் பார்த்த பட்டம்மாள் தன் வீட்டுக்குள் ஓடி, குடத்தையே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, இரண்டாவது ஆளின் காலில் ஊற்றினாள். பிறகு தெரு முழுவதும் சொம்புகள் வந்தன. கயிறுகள் அவிழ்ந்தன, தோல்கள் விலகின, ஊரில் இருந்த அருமைத் தண்ணீரெல்லாம் அன்று தெருவில் ஓடியது. தட்டையான பாதங்கள், விரல் இல்லாத பாதங்கள், யாரோ ஆசையாக மருதாணி இட்டு அது இன்னும் நகத்தில் மிச்சமிருக்கிறதோ என்று எண்ண வைத்த இளம் பாதங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியேறின. இமாம் சாயபு தம் வீட்டுக்கு இருவரை அழைத்துப் போனார். தெருமுனையில் தவழ்ந்து வந்தவனை மணியக்காரரே கைலாகு கொடுத்துத் தூக்கினார். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றாலும், பாரம் இருந்தது என்று பிறகு சொன்னார். எல்லா வீட்டிலும் இலை போட்டார்கள். பரிமாறி முடிப்பதற்குள், இலைகளுக்கு முன்னால் இருந்த ஈரத்தடங்கள் விரல்நுனியிலிருந்து குதிகால்வரை மெல்ல மெல்ல உலர்ந்து, தரை தரையாயிற்று.

மறுநாள் வெயில் தாழ்ந்தது தெரியாமல், ஊரில் எல்லோரும் உலையைப் பிந்தி வைத்தார்கள்.

பங்காளிகளுக்குக் கன்னியம்மாளே சொல்லியனுப்பினாள். கருமாதிக்கு நாள் குறித்து, வறண்ட ஏரியில் ஊற்று தோண்டி, பிண்டம் பிடிக்க உட்கார்ந்தார்கள். ஏகாம்பரத்தின் பெயர் சொல்லி வைத்து முடித்ததும், அவள் இன்னொரு பிடி சோற்றை உருட்டி அதன் பக்கத்தில் வைத்தாள். சடங்கு செய்ய வந்த பண்டாரம் கையை நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"இது யாருக்கும்மா? பேரு சொன்னாத்தானே போய்ச் சேரும்."

"பேரு தெரியாது," என்றாள் கன்னியம்மாள். "இடது கால் பெருவிரல் பொளந்தவருன்னு சொல்லுங்க. தேடி வந்து வாங்கிப்பாரு."